பிசாத்து எந்த ஊர்ச் சொல்? ஓர் இரவல் சொல்லின் வேரைத் தேடும் வழி

“பிசாத்து நூறு ரூபாய்க்கா இவ்வளவு சண்டை?” என்று ஒருவர் கேட்டால் அந்த நூறு ரூபாய்க்கு அங்கே என்ன மரியாதை என்பது எல்லாருக்கும் விளங்கிவிடும். ஆனால் பிசாத்து என்றால் என்னப்பா, அது எந்த மொழி என்று கேளுங்கள், பலரும் முழிப்பார்கள். அற்பமான விஷயத்தைச் சொல்ல நாம் வெளியிலிருந்து வாங்கி வைத்திருக்கும் சொற்கள் ஒரு கூட்டமே இருக்கிறது: பிசாத்து, பிஸ்கோத்து, கொசுறு, அப்புறம் எங்கிருந்து வந்தது என்றே பிடிபடாத ஜுஜுபி. இவற்றில் ஒன்றை எடுத்து அதன் வேரை நாமே தேடிப் பார்ப்பது எப்படி என்பதுதான் இங்கே விஷயம். பிசாத்தையே எடுத்துக்கொள்கிறேன், மற்றவை நடுநடுவே வரும்.

அகராதியைத் திறக்கும் முன்பு, அந்தச் சொல்லை ஜனங்கள் எப்படிப் புழங்குகிறார்கள் என்று ஒரு பத்துப் பதினைந்து வாக்கியம் எழுதி வையுங்கள். இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம், நேராக அகராதிக்கு ஓடி அங்கே போட்டிருக்கும் ஒற்றை வரிப் பொருளோடு திரும்பிவிடுவார்கள். எழுதிப் பார்த்தால் தெரியும், பிசாத்து பெரும்பாலும் இன்னொரு சொல்லுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டுதான் வருகிறது. பிசாத்து காசு, பிசாத்து சம்பளம், பிசாத்து வேலை. ‘அது பிசாத்து’ என்று தனியாக முடிப்பது குறைவு. ஆனால் ‘அதெல்லாம் ஜுஜுபி’, ‘அந்தப் பரீட்சை எல்லாம் பிஸ்கோத்து’ என்று தாராளமாக முடிக்கிறோம். பொருளிலும் வித்தியாசம் உண்டு: ஜுஜுபி என்கிறவர் தன் திறமையைப் பீற்றிக்கொள்கிறார், வேலை எனக்குச் சுலபம் என்பதுதான் அங்கே செய்தி. பிசாத்து என்கிறவர் அந்தப் பொருளின் மதிப்பை மட்டம் தட்டுகிறார், பாதி நேரம் கோபத்தோடு. சில்லறை விஷயம், சில்லறைத்தனம் என்னும்போதோ ஆளின் குணமே அடிபடுகிறது. எனவே பிசாத்தின் நடுவில் இருப்பது மதிப்பு, அதாவது ஒன்றின் பெறுமானம். இந்தக் குறிப்பு பின்னால் உதவும்.

அடுத்தது சொல்லின் உடம்பைப் பார்ப்பது. இரவல் சொற்கள் தமிழுக்குள் வரும்போது இஷ்டத்துக்கு மாறுவதில்லை. எந்த வாசல் வழியாக வந்ததோ அதற்கேற்ற மாதிரி மாறுகின்றன. அதிலும் த, ட இரண்டும் தரும் துப்பு அபாரமானது. ஆங்கிலத்திலிருந்து வரும் சொற்களில் அந்த மொழியின் ‘ட்’ ஒலி நமக்கு ட் ஆகத்தான் கேட்கும்: டிக்கெட், கேட், பிஸ்கட். பாரசீகத்திலும் போர்ச்சுகீசியத்திலும், பாரசீக வழியாக உருதுவுக்கு வந்த சொற்களிலும் இருப்பது பல்லில் நாக்குப்படும் ஒலி, அது நமக்குத் த் ஆகக் கேட்கும். இப்போது பிஸ்கட்டையும் பிஸ்கோத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே பண்டம், இரண்டு வாசல். முதலாவது ஆங்கிலத்திலிருந்து வந்தது. இரண்டாவது போர்ச்சுகீசிய பிஸ்கோய்த்து, ‘இரண்டு முறை வெந்தது’ என்ற லத்தீன் சொற்களில் பிறந்தது. ஆங்கிலச் சொல்லுக்கும் மூலம் அதுவேதான், ஆனால் அது பிரெஞ்சு வழியாகச் சுற்றி வந்தது. இலங்கையில் ஷூவுக்குச் சப்பாத்து என்கிறார்களே, அதுவும் போர்ச்சுகீசிய சப்பாத்து, அதே த்து.

கடைசி எழுத்து இன்னும் கொஞ்சம் சொல்லும். மூலத்தில் வல்லொலியாக (‘பத்து’வில் கேட்கும் த் போல) முடிந்தால் தமிழில் த்து என்று இரட்டிக்கும், மெல்லொலியாக (‘அது’வில் கேட்பது போல) முடிந்தால் ஒற்றைத் து போதும். ரசீது அப்படி வந்தது. பார்த்தால் ஆங்கிலச் சொல்லின் சிதைவு மாதிரி இருக்கும், பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் அது பாரசீக ரஸீத், ‘வந்து சேர்ந்தது’ என்று அர்த்தம். பணம் வந்து சேர்ந்ததற்கு ஒரு சீட்டு, அவ்வளவுதான். ஆங்கிலச் சொல்லோ ‘பெற்றுக்கொள்ளப்பட்டது’ என்ற லத்தீனிலிருந்து வந்தது, இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

இந்தச் சோதனையைப் பிசாத்தின் மேல் ஓட்டினால் என்ன கிடைக்கிறது? தொடக்கத்தில் பி, மூலத்தில் அது வல்லொலியாகவும் இருக்கலாம், பந்தோபஸ்து, பாக்கி இவற்றின் முதலெழுத்து மாதிரி மெல்லொலியாகவும் இருக்கலாம், எழுத்தில் நமக்கு வித்தியாசம் கிடையாது. நடுவில் சா, அது ஸா ஆக இருந்திருக்க இடமுண்டு. கடைசியில் த்து. ஆகவே ஆங்கிலத்தை ஓரம் கட்டிவிடலாம். ‘பிஸாத்’ என்பது போன்ற ஒரு சொல்லைத் தேட வேண்டும், பாரசீக வாசலிலோ போர்ச்சுகீசிய வாசலிலோ.

ஒரு எச்சரிக்கை. ற, ழ இருந்தால் சுத்தத் தமிழ் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. அதை நம்பி இறங்காதீர்கள். அற்பம் என்ற சொல்லிலேயே ற இருக்கிறது, அது வடமொழி அல்ப. கல்பனா கற்பனை ஆன மாதிரி ல் ற் ஆகிவிட்டது. அற்புதத்துக்கு மூலம் அத்புத. காய்கறி வாங்கும்போது கேட்டு வாங்கும் கொசுறுக்கும் ற உண்டு, ஆனால் அது தெலுங்கு கொஸரு, பேரம் பேசி இன்னும் கொஞ்சம் கேட்பது.

அகராதிகளை எப்படிக் கலந்து படிப்பது

முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள், 1939இல் ஒரு பின்னிணைப்பு. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னகராதித் தளத்தில் இலவசமாகத் தேடலாம். இதில் பொருளை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள், குறிகளைப் படியுங்கள். சொல்லுக்குப் பக்கத்தில் அம்புமுனை மாதிரி ஒரு குறி போட்டு மொழியின் முதலெழுத்து இருந்தால் அங்கிருந்து வந்தது என்று தொகுத்தவர்கள் கருதினார்கள். சதுர அடைப்புக்குள் தெலுங்கு, கன்னடம், மலையாளம் இருந்தால் அது வேறு, அவை உறவுச் சொற்கள். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு ‘இது தெலுங்குச் சொல்லாம்’ என்று கிளம்புகிறவர்கள் நிறைய.

அப்புறம் காலத்துக்குக் காலம் பழைய அகராதிகள். ஃபப்ரீசியஸ் 1779, வின்ஸ்லோ 1862. ஒரு சொல் இவற்றில் இருந்தால் அந்த வருஷத்துக்கு முன்பே புழக்கத்தில் இருந்தது என்று தைரியமாகச் சொல்லலாம். இல்லாவிட்டால் அந்தக் காலத்தில் அது இல்லை என்று சொல்லிவிட முடியாது, அதைக் கவனியுங்கள். மட்டமான சொற்களையும் வசவுகளையும் அகராதிக்காரர்கள் கண்டும் காணாமல் விட்டிருப்பார்கள், நம் கூட்டம் முழுக்க அந்த ரகம்தான். இன்றைய வழக்குக்கு 1992இல் முதலில் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி.

பிறகு அண்டை வீடுகள். தெலுங்குக்கு பிரவுன், கன்னடத்துக்கு கிட்டல், மலையாளத்துக்கு குண்டர்ட். மூன்றும் 19ஆம் நூற்றாண்டு. திராவிட வேர் இருக்கிறதா என்று பார்க்க பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி, இரண்டாம் பதிப்பு 1984. இது ஏன் வேண்டும் என்பதற்குச் சில்லறையே போதும். இந்தியிலும் மராத்தியிலும் சில்லர் என்கிறார்கள், உடனே நாம் அவர்களிடம் வாங்கினோம் என்று தோன்றும். ஆனால் சில, சில்லு என்று இங்கே ஒரு குடும்பமே உட்கார்ந்திருக்கிறது. தெலுங்கில் சில்லர, கன்னடத்தில் சில்லரெ, மலையாளத்தில் சில்லற. குடும்பம் இருக்கும் இடம்தான் பிறந்த வீடு, வடக்கே போனது நம் பக்கத்துச் சொல்.

பிசாத்துக்கு அப்படிக் குடும்பம் எதுவும் இங்கே இல்லை. பிசை, பிசின், பிசிறு எல்லாம் இருக்கின்றன, பொருள் ஒட்டவில்லை. எழுத்து வேட்டையில் மலையாளத்துப் பிச்சாத்தி குறுக்கே வரும், அது கத்தி. ஒலி கொஞ்சம் ஒத்துப்போகிறது என்பதற்காக அதை இழுத்துக்கொண்டு வராதீர்கள், கத்திக்கும் அற்பத்துக்கும் நடுவில் பாலம் கிடையாது.

சரி, உருதுப் பக்கம் போகலாம். 1884இல் வந்த பிளாட்ஸ் அகராதி அதே சிகாகோ தளத்தில் இருக்கிறது. பி, ஸா, த் என்று தேடினால் பிஸாத் கிடைக்கும். இங்கேதான் நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டும்.

விரித்த துணியிலிருந்து அற்பத்துக்கு

பிஸாத் அரபுச் சொல். விரித்தல் என்ற வேரில் பிறந்தது. முதல் பொருள் விரிப்பு, கம்பளம். குர்ஆனில் நூஹ் அத்தியாயத்தில் பூமியை இறைவன் உங்களுக்கு விரிப்பாக ஆக்கினான் என்று வரும் இடத்தில் இருப்பது இதே சொல்தான், அவ்வளவு பெரிய இடத்தில் இருந்த சொல். பாரசீகத்துக்கும் உருதுக்கும் வந்தபோது விரிப்பின் மேல் என்னென்ன வைப்பார்களோ அதெல்லாம் பொருளில் சேர்ந்துகொண்டது. சதுரங்கம் ஆடும் துணிக்கும் பலகைக்கும் பிஸாத். விற்பதற்குத் துணி விரித்துப் பரப்பிய சரக்குக்கும் பிஸாத். அங்கிருந்து முதல், கையிருப்பு, வசதி, சக்தி என்று நீண்டுபோகிறது.

இதிலிருந்து அற்பத்துக்கு இரண்டு பாதை போகிறது. ஒன்று கடை வழி. துணி விரித்து ஊசி, நூல், மணி, கண்ணாடி மாதிரி சின்னச் சின்னச் சாமான் விற்கும் ஆளுக்கு உருதுவில் பிஸாத்தி என்று பெயர். (சாமானும் பாரசீகம்தான், அது கிடக்கட்டும்.) பிஸாத்தியின் மொத்தச் சரக்கும் ஒரு துணிக்குள் முடிந்துவிடும். பெரிய மண்டிக்காரனுக்கு முன்னால் அதற்கு என்ன மதிப்பு?

இன்னொன்று கேள்வி வழி, எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கிறது. இந்தியிலும் உருதுவிலும் ‘உஸ்கீ க்யா பிஸாத்’ என்று ஒரு மரபுத்தொடர் உண்டு. அவனுக்கு என்ன வசதி, என்ன சக்தி, அவனெல்லாம் எந்த மூலைக்கு என்று அர்த்தம். சக்தி என்ற நல்ல பொருள், கேள்வியாகக் கேட்டுக் கேட்டு, ஒன்றுமில்லை என்ற பக்கம் சாய்ந்துவிடுகிறது. இது வினோதமாகத் தோன்றினால் நம் ‘எம்மாத்திரம்’ என்பதைப் பாருங்கள். மாத்திரை என்றால் அளவு. ‘நான் எம்மாத்திரம்’ என்றால் நான் எவ்வளவு என்று கேட்பதுதான், ஆனால் யாரும் அதற்கு அளவு சொல்லி பதில் தருவதில்லை, நான் ஒன்றுமில்லை என்பதுதான் பொருள். அளவைக் குறிக்கும் சொல் கேள்விக்குள் போய் அற்பமாகத் திரும்பி வருகிறது. முதலில் எழுதி வைத்த குறிப்பில் பிசாத்தின் நடுவில் மதிப்பும் பெறுமானமும் இருந்தது அல்லவா, இங்கே வந்து பொருந்துகிறது.

பொருள் இப்படி இடம் மாறுவது பாரசீக வாசலில் வந்த சொற்களுக்குப் புதிதல்ல. சவால் மூலத்தில் வெறும் கேள்வி. தகராறு என்பது திரும்பத் திரும்பச் சொல்வது, அப்படிச் சொல்லிக்கொண்டே இருந்தால் தகராறு ஆகாமல் என்ன ஆகும்? மாமூல் என்றால் வழக்கமானது, இன்றைக்கு நாம் எதை மாமூல் என்கிறோம் என்பது உங்களுக்கே தெரியும். எனவே பொருள் மாறியிருக்கிறது என்பதற்காக ஒரு மூலத்தைத் தள்ளிவிடக் கூடாது. ஆனால் ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கு ஏறும் தூரத்தில் இருக்க வேண்டும். விரிப்பு, சரக்கு, முதல், வசதி, ‘என்ன வசதி’, அற்பம்: எந்த இடத்திலும் தாவிக் குதிக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்து கேட்க வேண்டியது, யார் கொண்டுவந்தார்கள்? சொற்கள் ஆட்கள் மூலமாகத்தான் வரும். ஆற்காட்டு நவாபுகள் 17ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 1801 வரை இங்கே ஆட்சி நடத்தினார்கள், கச்சேரியின், அதாவது அரசு அலுவலகத்தின், மொழி பாரசீகம். தஞ்சாவூரில் மராட்டியர்கள் 1676 முதல் இருந்தார்கள், மராத்தியிலும் பாரசீகச் சொற்கள் ஏராளம். கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் 1837 வரை பாரசீகம் ஆட்சிமொழி. வசூல், பாக்கி, ஜப்தி, ஜாமீன், ரத்து, அசல், நகல் எல்லாம் இந்த வழியில் வந்து வீட்டுச் சொல் ஆனவை. கவனியுங்கள், இவை அத்தனையும் பணம், கணக்கு, கோர்ட்டு. பிசாத்தும் காசு, சம்பளம், தொகை இவற்றோடுதான் திரிகிறது. கூட்டாளிகளைப் பார்த்தாலே எந்தத் தெருவில் வளர்ந்தது என்று தெரிகிறது.

எதிர்க்கதைகளை என்ன செய்வது

ஒரு மூலம் கிடைத்ததும் சந்தோஷத்தில் நின்றுவிடாமல், அதற்கு எதிராக என்ன சொல்லலாம் என்று நீங்களே வாதாடிப் பாருங்கள். பிசாத்தைப் பைசாவோடு முடிச்சுப் போட யாருக்கும் தோன்றும், பிசாத்து காசு என்றுதானே சொல்கிறோம். ஆனால் பைசா தமிழில் பைசாவாகவே இருக்கிறது, ஐ எப்படி இ ஆனது, அந்தத் த்து எங்கிருந்து முளைத்தது? பதில் இல்லை. பிஸாத் என்று வைத்தால் ஓர் எழுத்துக்குக்கூட விசேஷ விளக்கம் தேவைப்படவில்லை. எது குறைந்த சமாதானம் கேட்கிறதோ அதைப் பிடித்துக்கொள்வதுதான் இந்தத் தொழிலில் வழக்கம்.

துட்டு இதற்கு நல்ல பயிற்சி. டச்சுக்காரர்களின் சின்னச் செப்புக்காசு டோய்ட்டிலிருந்து துட்டு வந்தது என்று அடிக்கடி படிக்கலாம். டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி அந்தக் காசை 18ஆம் நூற்றாண்டில் ஆசியாவுக்கென்றே அடித்துத் தள்ளியது உண்மை. கதை அழகாக இருக்கிறது. ஆனால் நம் சோதனையை ஓட்டுங்கள். டச்சு ஒலி தமிழில் எப்படி விழுகிறது என்பதற்கு இலங்கைத் தமிழில் கந்தோர் இருக்கிறது, அலுவலகம், டச்சு கந்தோர். அங்கே பல்லொலிதான் வந்தது. அப்படியானால் டோய்ட் துத்து மாதிரி ஏதாவது ஆகியிருக்க வேண்டும். துட்டில் முதலில் து, பின்னால் ட்டு, ஒரே சொல்லுக்குள் இரண்டு விதம். போதாததற்குக் கன்னடத்திலும் தெலுங்கிலும் துட்டு போலவே ஒரு காசுப் பெயர், வளைநா ஒலியோடு, அதாவது நாக்கை மடித்துச் சொல்லும் ட வகை ஒலியோடு. நான் கன்னடப் பக்கம்தான் சாய்வேன். காசு ஒன்று இருந்தது என்பதும் சொல் ஒன்று இருக்கிறது என்பதும் சேர்ந்தால் கூட அதிலிருந்து இது வந்தது என்று ஆகிவிடாது.

ஜுஜுபி கதையும் இதே ரகம். ஆங்கிலத்தில் இலந்தை வகைப் பழத்துக்கும் ஒருவித மெல்லும் மிட்டாய்க்கும் ஜூஜூப் என்று பெயர், பழத்தின் பெயர் கிரேக்கம் வரை போகும். விலை மலிந்த பழம், மென்று துப்பும் மிட்டாய், சுலபமான வேலை: பொருள் ஓரளவு ஒட்டுகிறது. சொல்லின் கடைசி பி மட்டும் இடிக்கிறது, ப் என்று முடிவது தமிழில் உகரம்தான் வாங்கும், கிளப்பு, பல்பு மாதிரி. இதை ஒப்புக்கொள்ள வேண்டுமானால் ஒரு நடுக்கண்ணி வேண்டும்: தமிழில் யாராவது பழத்தையோ மிட்டாயையோ ஜுஜுபி என்று எழுதியிருக்க வேண்டும். பழைய பத்திரிகை விளம்பரங்கள், மிட்டாய்ப் பட்டியல்கள், மளிகைக் கணக்குகள், இங்கேதான் தேட வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய இதழ்களின் வருடிய பக்கங்கள் இருக்கின்றன, மதுரைத் திட்டத்தில் தேடக்கூடிய எழுத்துவடிவ நூல்கள். தேடும்போது எழுத்தை மாற்றி மாற்றிப் போடுங்கள்: ஜுஜுபி, ஜூஜூபி, சுசுபி. பிசாத்துக்கும் பிஸாத்து, பிசாது என்று எல்லாம். கிரந்த எழுத்தைத் தவிர்த்து எழுதியவர்கள் ஒருபக்கம், இஷ்டப்படி எழுதியவர்கள் ஒருபக்கம்.

கிடைத்ததை எழுதி வைக்கும்போது நாலு வரி போதும். சொல், மூலம், ஒவ்வொரு படிக்கும் ஓர் ஆதாரம், கடைசியில் எவ்வளவு நம்பலாம் என்று ஒரு சொல்: உறுதி, அநேகமாக, ஊகம். என் நோட்டில் பிஸ்கோத்துக்கு உறுதி என்று இருக்கும், ஆனால் அது பண்டத்தின் பெயருக்கு மட்டும். ‘அதெல்லாம் பிஸ்கோத்து’ என்ற பேச்சு பிற்பாடு இங்கேயே முளைத்தது, போர்ச்சுகீசியரிடமிருந்து அதையும் வாங்கவில்லை. சொல்லின் வயதும் பொருளின் வயதும் வேறுவேறு, இரண்டுக்கும் தனித்தனி வரி வேண்டும். பிசாத்துக்கு உருது பிஸாத், ஒலியும் பொருளும் கூட்டாளிகளும் பொருந்துகின்றன, அநேகமாகவுக்கு மேலே, உறுதிக்கு ஒரு படி கீழே. துட்டுக்கு டச்சு, ஊகம்.

கை பழக வேண்டுமென்றால் டுபாக்கூரை எடுத்துக்கொள்ளுங்கள். துபாஷியிலிருந்து வந்தது, வெள்ளைக்காரனுக்கும் ஊர்க்காரனுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் ஏமாற்றிய மொழிபெயர்ப்பாளர்களால் வந்த பெயர் என்று ஒரு கதை ஓடிக்கொண்டிருக்கிறது. து எப்படி டு ஆனது, ஷி எங்கே போனது, கூர் என்ற வால் எதனுடையது என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.